வாளின் வாலில் வெட்டிய பெயர்

நகோயாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஜப்பானுக்குப் போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் பழம்பொருள் சந்தைகளுக்கும் கடைகளுக்கும் போய் வாள் பார்த்து வருகிறார். இதுவரை ஒன்றும் வாங்கவில்லை. இப்போது ஒரு வியாபாரி அவரிடம் ஒரு கட்டானாவை, அதாவது ஜப்பானிய நீள வாளை, காட்டி 4,80,000 யென் கேட்கிறார். அலகின் நீளம் 63.6 செ.மீ. பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில் ஒரு பக்கம் ‘பிஷூ ஓசாஃபுனே சுகெசாதா’ என்று கொல்லர் பெயர். மறுபக்கம் ‘எய்ஷோ 10ஆம் ஆண்டு எட்டாம் மாதம்’ என்று தேதி. நம் கணக்கில் 1513. கூடவே இரண்டு காகிதங்கள் தருகிறார்: 1951இல் பதிவான அரசுச் சீட்டு, 1970களில் வாங்கிய பச்சைத் தாள்.

அரசே சான்று கொடுத்திருப்பதால் வாள் அசல் என்பதில் வாசகருக்குச் சந்தேகமில்லை. 1951லேயே பதிவானதென்றால் அது தைம்யோ பிரபு வீட்டு வாள்தான் என்று வியாபாரி சொல்லியிருக்கிறார். இதே சுகெசாதா பெயர் கொண்ட வேறொரு வாள் டோக்கியோ கடையில் பத்து மடங்குக்கு மேல் விலை போட்டிருப்பதைப் பார்த்ததால், இது கொள்ளை லாபம் என்று அவர் நினைக்கிறார். நுனியருகே உள்ள கறையைத் தானே பாலிஷ் போட்டு எடுத்து, வாலில் ஏறியிருக்கும் துருவையும் சுத்தம் செய்து, தை மாதம் அப்பாவின் மணிவிழாவுக்கு ஊருக்குக் கொண்டுபோக ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வாள் வேறொருவருக்குப் போய்விடுமாம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய எட்டுப் படங்களையும் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். படத்தை வைத்து வாளுக்குத் தீர்ப்புச் சொல்வது, புகைப்படத்தைப் பார்த்து நாடி பிடிப்பது போல. அதை நான் செய்ய மாட்டேன். ஆனால் எதை நம்பி நீங்கள் பணத்தை எடுக்கப்போகிறீர்களோ, அவற்றில் பல அந்தக் காகிதங்கள் சொல்லாத விஷயங்கள். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அரசுச் சீட்டும் பச்சைத் தாளும்

நீங்கள் ‘அரசுச் சான்று’ என்று எழுதியிருப்பது தோரோகுஷோ. மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கும் பதிவுச் சீட்டு. அதை ஒருமுறை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். வகை, நீளம், வளைவு, ஆணித்துளை எத்தனை, வாலில் என்ன எழுத்து, பதிவு எண், தேதி. இவ்வளவுதான் இருக்கும். இது மரபு முறையில் அடித்த வாள், ஜப்பானில் வைத்துக்கொள்வது சட்டப்படி சரி என்பதற்கான சீட்டு அது. எழுத்து உண்மையா பொய்யா என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை. வாலில் வெட்டியிருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வார்கள். போலிப் பெயர் வெட்டிய வாளுக்கும் அதே சீட்டு, அதே முத்திரை கிடைக்கும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டுவதில்லையே.

1951 கதையும் அப்படித்தான். பதிவு தொடங்கிய காலத்தில் பெரிய பிரபு குடும்பங்கள் தங்களிடமிருந்த வாள்களைப் பதிவு செய்தது உண்மை. அதே ஆண்டில் விவசாயிகளும் கடைக்காரர்களும் பதிவு செய்தார்கள். சீட்டில் உரிமையாளர் பெயருக்கு இடமே கிடையாது. அதனால் அந்தக் காகிதத்தை வைத்து அது யார் வீட்டு வாள் என்று சொல்ல வழியில்லை. வியாபாரி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக உலவும் பேச்சு இது. பேச்சுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

சீட்டால் ஆகவேண்டிய முக்கியமான வேலை வேறு. அதிலுள்ள நீளம், வளைவு, துளை எண்ணிக்கை, எழுத்து எல்லாம் கையிலிருக்கும் வாளோடு பொருந்துகிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். ஒரு வாளின் சீட்டை இன்னொரு வாளோடு சேர்த்து விற்பது நடக்கிற காரியம். சீட்டு கொடுத்த கல்வி வாரியத்துக்குப் போன் செய்து, பதிவு எண்ணைச் சொல்லி, விவரம் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். வாங்கிவிட்டால் 20 நாளுக்குள் அதே வாரியத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாகாணத்துக்கு அல்ல, சீட்டு கொடுத்த மாகாணத்துக்கு. வெளிநாட்டவர் என்பதால் இதில் தடை எதுவும் இல்லை.

பச்சைத் தாள் விஷயம் கொஞ்சம் மென்மையானது. அது ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் (ஜப்பானியப் பெயரின் சுருக்கம் என்.பி.டி.எச்.கே.) முன்பு கொடுத்த ‘தொகுபெத்சு கிச்சோ’ தாள். 1948இல் தொடங்கிய அந்தச் சங்கம் 1982இல் பழைய முறையை விட்டு, ஹோஸோன், தொகுபெத்சு ஹோஸோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ எனக் கீழிருந்து மேலாக நான்கு படிநிலைகளுக்கு மாறியது. பழைய பச்சைத் தாள்களில் சரியானவை எத்தனையோ உண்டு. ஆனால் பெரிய பெயர்கள் தாராளமாகக் கொடுக்கப்பட்டவையும் கலந்திருப்பதால் சந்தை இன்று அவற்றை முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வாளை யாரும் புதிய ஷின்சாவுக்கு, அதாவது சங்கத்தின் பரிசோதனைக்கு, அனுப்பவில்லையா? அனுப்பித் தாள் கிடைக்காமல் திரும்பியதா? இதை வியாபாரியிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தையும் கவனியுங்கள்.

சுகெசாதா ஒருவர் அல்ல

ஓசாஃபுனே என்பது இன்றைய ஓகாயாமா மாகாணத்தில் யோஷீ ஆற்றங்கரை ஊர். அந்தப் பகுதியின் பழைய பெயர் பிஸென், சுருக்கமாகப் பிஷூ. பிஸென் நாட்டு வாள் என்றால் உலகம் முதலில் நினைப்பது அந்த ஊரைத்தான். 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் நாடு முழுக்கச் சண்டை. காலாட்படைகளுக்கு ஆயிரக்கணக்கில் வாள் வேண்டியிருந்தது. மிங் சீனாவுக்கும் பல்லாயிரக்கணக்கில் ஏற்றுமதி ஆனது. அந்தத் தேவைக்கு ஓசாஃபுனேயின் பட்டறைகள் இரவுபகலாக அடித்துக்கொடுத்தன. சுகெசாதா என்ற பெயரை அங்கே பத்துக்கணக்கான கொல்லர்கள் வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த எடோ காலத்திலும் (17–19ஆம் நூற்றாண்டு) அந்தப் பெயர் தொடர்ந்தது.

அவர்களில் உச்சியில் இருப்பவர் யோஸோஸாஎமோன் நோ ஜோ சுகெசாதா. டோக்கியோவில் நீங்கள் பார்த்த வாளின் முழுப் பெயர் அதுவாகத்தான் இருக்கும். கடைச் சீட்டை மறுபடி பாருங்கள். ஒரு வீரர் தனக்கென்று சொல்லிச் செய்வித்த வாளில், கொல்லர் தன் சொந்தப் பெயரையும் சேர்த்து, ‘பிஸென் நாட்டில் வசிக்கும் ஓசாஃபுனே…’ என்று விரிவாக வெட்டுவது வழக்கம். மொத்தமாக அடித்துத் தள்ளிய வாள்களில் பெரும்பாலும் ‘பிஷூ ஓசாஃபுனே சுகெசாதா’ என்று சுருக்கமாக முடிந்துவிடும். உங்களுக்குக் காட்டியது இந்தச் சுருக்க வகை. இரண்டும் சுகெசாதா, இரண்டும் அசலாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றின் விலையை மற்றொன்றுக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எட்டாம் மாதம்’ என்றதும் ஆகஸ்டில் பிறந்த வாள் என்று எழுதியிருந்தீர்கள். அது சந்திர நாள்காட்டி என்பது ஒரு பக்கம். அக்கால பிஸென் வாள்களை வரிசையாகப் பார்த்தால் இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் இரண்டும்தான் திரும்பத் திரும்ப வரும். அது ஒரு வெட்டு மரபு. ஆண்டு உண்மையாக இருந்தால் அதுவே போதுமான செல்வம்.

பெயருக்கும் விலைக்கும் உள்ள உறவை நினைத்தால் எனக்கு எப்போதும் யமாதோரிகே வாள்தான் நினைவுக்கு வரும். அதுவும் பிஸென் மண்ணின் வாள், ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உயேசுகி கென்ஷின் வைத்திருந்தது. 2020இல் ஓசாஃபுனே ஊர் அடங்கிய செத்தோஊச்சி நகராட்சி அதை 50 கோடி யென்னுக்கு வாங்கி, பிறந்த மண்ணுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வாளின் வாலில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

என் முதல் வாள் ஒரு வாக்கிஸாஷி, அதாவது குட்டை வாள். ஹிஸென் தாதாயோஷி என்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அலகைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஷின்சாவில் தாள் கிடைக்காமல் திரும்பி வந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் வாலை விளக்கின் கீழே சாய்த்து, உளி இறங்கிய கோடுகளைக் காட்டினார். சுற்றியுள்ள துரு காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகிப்போயிருந்தது. கோட்டுக்குள்ளே இருந்த துரு மட்டும் செம்மண் போல இளசாக இருந்தது. பெயர் பின்னால் வந்தது என்று அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு இரவு தூங்கவில்லை. உங்களுக்கும் அப்படியொரு இரவு வரக்கூடாது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

அலகைப் பாருங்கள், பிறகு வாலைப் பாருங்கள், பெயரைக் கடைசியாகப் படியுங்கள். முடிந்தால் பெயரை ஒரு துணியால் மூடிவிட்டே பாருங்கள்.

உருவத்தைப் பொறுத்தவரை நல்ல சேதி இருக்கிறது. 63.6 செ.மீ. என்பது பழைய ஜப்பானிய அளவில் 2 ஷாகு 1 சுன் (பத்து சுன் ஒரு ஷாகு). எய்ஷோ காலத்தில் ஒற்றைக் கையால் உருவி வெட்டும் வாள்கள் இந்த நீளத்தில்தான் வந்தன. வால் குட்டையாக, ஒரு கைக்கு மட்டும் போதுமானதாக இருக்கும். வளைவு நுனிப் பக்கம் கூடுதலாக விழும். உங்கள் மூன்றாவது படத்தில் இரண்டும் தெரிகின்றன.

அடுத்து ஹாமோன், கூர் ஓரத்தில் ஓடும் கடினப்பட்ட எஃகின் வரி. கடைக்காரரிடம் சொல்லி ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஒற்றைக் குண்டு பல்பின் கீழே நின்று, அலகை விளக்கை நோக்கி நீட்டி, மெல்ல ஏற்றி இறக்குங்கள். முதலில் கண்ணில் படும் வெள்ளை அலை பெரும்பாலும் பாலிஷ்காரர் கல்லால் வெளுக்க வைத்தது. அதற்குள்ளே, விளக்கின் பிம்பம் விழும் இடத்தில் மட்டும், பனி படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய கோடு மின்னும். அதுதான் உண்மையான ஹாமோன். அக்கால ஓசாஃபுனே வேலையில் அந்த அலையின் முகடு பிளந்து, நண்டுக் கொடுக்குப் போல இரண்டாகப் பிரிந்து நிற்கும். ‘கனி நோ சுமே’, நண்டு நகம் என்றே அதற்குப் பெயர். உங்கள் ஐந்தாவது படத்தில் அப்படி ஒன்று தெரிவது போல இருக்கிறது. நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் கோடு அடியிலிருந்து நுனி சுற்றி முடியும் வரை அறுபடாமல் ஓட வேண்டும். நுனியில் காணாமல் போனால் அந்த இடத்தில் கடினப் பகுதியே தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கூர் ஓரத்துக்குக் குறுக்கே தலைமுடி அளவு விரிசல் இருந்தால் அது ஹாகிரி. வாளின் உயிர் போய்விட்டது, அதைச் சரிசெய்ய முடியாது. தீ விபத்தில் வெந்து மறுபடி கடினப்படுத்திய வாளும் மதிப்பிழந்ததே. இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாளை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் முதல் வாளாக வாங்காதீர்கள். எஃகின் மேல் சின்னச் சின்ன மடிப்பு வாய்கள், ஒரு கொப்புளம் இதெல்லாம் மொத்தமாக அடித்த வாளில் இருக்கத்தான் செய்யும்; அதற்கு விலையில் பேசலாம்.

நீங்கள் இரும்போடு வேலை செய்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அலகின் உடலில் தெரியும் மர ரேகை போன்ற வடிவம், எஃகை மடித்து மடித்து அடித்ததால் வந்தது. நம் கொங்குப் பகுதியில் மண் மூசையில் உருக்கிய உருக்கில் தெரியும் நீரோட்ட வடிவம் எஃகு மெல்ல ஆறும்போது உள்ளே படிந்து வந்தது. பார்க்க ஒரே சாயல், பிறப்பு வேறு. இரண்டையும் ரசிக்கத் தெரிந்த கண் உங்களுக்கு அமையும்.

பாலிஷும் துருவும்

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பதற வைத்தது இந்தப் பகுதி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாலில் இருக்கும் அந்தக் கறுத்த துருதான் வாளின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி. ஐந்நூறு ஆண்டு ஏறிய துருவை ஐந்து நிமிடத்தில் உரித்துவிடலாம். திரும்ப வரவழைக்க யாராலும் முடியாது. வாலைச் சுத்தம் செய்துவிட்டால், உண்மையான எழுத்தே ஆனாலும் பார்ப்பவர் சந்தேகப்படுவார். எழுத்து மங்கலாக இருந்தால் இருக்கட்டும். மெல்லிய காகிதத்தை வாலின் மேல் வைத்து மெழுகு கலந்த கரிக்கட்டியால் தேய்த்தால் எழுத்தும் அரத் தடமும் துளையும் அப்படியே பதியும். ஓஷிகாதா என்பார்கள். வாளுக்கு ஒரு கீறலும் விழாது.

நுனிக் கறைக்கும் பஃபிங் சக்கரம், எமரித் தாள், மெட்டல் பாலிஷ் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற தோகிஷி, அதாவது வாள் பாலிஷ்காரர், ஒருவர் கல் மாற்றிக் கல் மாற்றி வாரக்கணக்கில் செய்யும் வேலை அது. ஒரு சுன்னுக்கு இத்தனை யென் என்று கணக்குப் போடுவார்கள். உங்கள் வாளுக்கு 21 சுன். முழு பாலிஷ் என்றால் அந்தச் செலவு நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் பாதியைக்கூட எட்டலாம். தவிர, ஒவ்வொரு பாலிஷும் எஃகைக் கொஞ்சம் தின்கிறது. கறை சின்னது என்றால் அதோடு வாழப் பழகுவதே நல்லது. விரலால் அலகைத் தொடாதீர்கள், அலகின் மேல் குனிந்து பேசாதீர்கள், வாளுக்கென்றே உள்ள லவங்க மண எண்ணெயை மெல்லிசாகத் தடவி வையுங்கள். வீட்டில் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய அலமாரி இல்லாமல் வாள் வீட்டுக்குள் வரக்கூடாது.

விலை

மொத்தமாக அடித்த வகைச் சுகெசாதா, நல்ல உடல், அறுபடாத ஹாமோன், புதிய ஹோஸோன் தாள் என்று எல்லாம் இருந்தால் 4,80,000 யென்னை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிய தாள் இல்லாமல் புதிய தாள் உள்ள வாளின் விலையைக் கேட்கிறார்கள். அந்த அபாயம் முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. ஆகவே இரண்டில் ஒன்று கேளுங்கள். விலை குறைய வேண்டும். இல்லையென்றால், ஷின்சாவில் ஹோஸோன் கிடைக்காவிட்டால் வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவதாக எழுத்தில் தர வேண்டும். வாள் மேல் நம்பிக்கை உள்ள வியாபாரி இரண்டாவதற்கு ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும். எண்ணற்ற சுகெசாதாக்கள் இருக்கின்றன, அடுத்த மாதமும் ஒன்று விற்பனைக்கு வரும்.

லாபக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். வாங்கிய அன்றே திருப்பி விற்கப் போனாலும் கடைக்காரர் அதே விலை தர மாட்டார். பார்த்துப் பார்த்து மகிழ்வதற்கு என்று வாங்குகிற பணமாக இருக்க வேண்டும். அதனால்தான் மனைவியிடம் முதலில் சொல்லுங்கள் என்கிறேன். வாங்கிய பிறகு தெரியவந்தால், அந்த வாளை உருவிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீட்டில் அந்தப் பேச்சு எழும்.

தை மாதப் பயணம்

செக்-இன் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாம் என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கூடாது. ஜப்பானிலிருந்து வெளியே கொண்டுபோக, கலாச்சாரத் துறையான புன்காச்சோவிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். தோரோகுஷோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சான்று கிடைப்பது கடினமல்ல, நாள் பிடிக்கும். சிக்கல் நம் பக்கம்தான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவர உரிமம் வேண்டும். வாளும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. பழமையானது, கலைப்பொருள் என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பறிமுதலானால் வாளும் போகும், வழக்கும் வரும்.

உரிமம் வாங்கி முறைப்படி கொண்டுவந்தாலும் இன்னொரு கதவு பின்னால் மூடிக்கொள்ளும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. நாளைக்கு விற்க நினைத்தாலும், பாலிஷுக்கோ ஷின்சாவுக்கோ ஜப்பானுக்கு அனுப்ப நினைத்தாலும் வழியில்லை. விருதுநகரில் தோகிஷி யாரும் கிடையாது. நீங்கள் ஜப்பானில் இருக்கும் வரை வாளும் அங்கேயே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்பாவுக்கு எதைக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். ஓஷிகாதா ஒன்று எடுத்து, முழு அலகின் உருவமும் வாலின் எழுத்தும் தெரியும்படி, நல்ல சட்டம் போட்டு எடுத்துப்போங்கள். சுங்கத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். அவர் ஒருமுறை நகோயாவுக்கு வந்தால் வாளையே கையில் கொடுக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை முதலில் அட்சுதா ஆலயத்துக்குப் போங்கள். 2021இல் திறந்த வாள் காட்சியகம் அங்கே இருக்கிறது, உங்கள் ஊரிலேயே. ஒரு மணி நேரம் நல்ல வாள்களின் ஹாமோனை மட்டும் பாருங்கள். கண் சூடாக இருக்கும்போதே கடைக்குப் போங்கள். அளவு நாடா, பூதக்கண்ணாடி, மெல்லிய காகிதம் கொண்டுபோங்கள். வாலை ஓஷிகாதா எடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். எழுத்துக் கோடுகளுக்குள் இருக்கும் துரு, வெளியே உள்ள துருவின் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சனிக்கிழமை இரவே எனக்கு எழுதுங்கள். விழித்திருப்பேன்.